கரையில் நிற்கக் கற்றுக்கொண்டேன்



சித்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளாகிய எங்களுக்குக் கடல் என்பது, சென்னைக்கு வந்தால் மெரினாவில் கணுக்கால் நனைய நின்று பார்த்துவிட்டுத் திரும்பும் ஒரு காட்சி மட்டுமே. 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று உருவான சித்தூர் மாவட்டத்துக்குக் கடற்கரை என்று ஒரு சாண் நிலமும் இருந்ததில்லை. எங்களுக்குத் தெரிந்த நீர்நிலை ஏரிதான். கோடையில் வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழையில் நிறையும். நிறைந்த ஏரி ஊருக்கு ஆசீர்வாதம். பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கோ அதுவே பயம்.

எங்கள் குடும்பத்தில் அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. என் தாயாரின் தம்பி, எனக்குச் சின்ன மாமா, 14 வயதில் நிறைந்த ஏரியில் இறங்கினார், திரும்பி வரவில்லை. அவருக்கு நீந்தத் தெரியாது. அதற்குப் பின் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒருவரும் ஏரிக்கரைப் பக்கம் போகக் கூடாது என்பது சட்டமாயிற்று. "நீருக்கும் நெருப்புக்கும் இரக்கம் கிடையாது, கண்ணு" என்று அவ்வா சொல்லுவார்கள். எங்கள் பக்கத்தில் பாட்டியை அவ்வா என்றே அழைப்போம். பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து விலக்கி வைக்க எல்லாரும் நினைத்தோம். நீந்தக் கற்றுக்கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

பிழைப்பைத் தேடிச் சென்னைக்கு வந்து ஆண்டுகள் பல ஆயின. என் மகளுக்கு இப்போது 11 வயது. அவளுடைய பள்ளித் தோழி ஒருத்தி கோடை விடுமுறையில் துறைமுகத்தில் பாய்மரப் படகு ஓட்டப் பழகினாள். அதைக் கேட்டதிலிருந்து இவளும், "அம்மா, நானும் போகட்டுமா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டாள். மாநகராட்சி நீச்சல் குளத்தில் அவள் நீந்தப் பழகியதற்கே நான் எத்தனையோ இரவுகள் உறங்காதிருந்தேன். இப்போது கடலா? 'வேண்டாம்' என்ற சொல் என் நாவின் நுனிவரை வந்துவிட்டது. "ஊருக்குப் போய்விட்டு வரும்போது யோசித்து முடிவு செய்வோம்" என்று என் கணவர் சொன்னதால் அதை விழுங்கிக்கொண்டேன்.

மாவட்டத்துக்குக் கடல் வந்த கதை

அவ்வாவைப் பார்த்துவிட்டு, சித்தூரிலிருந்து திருப்பதி வழியாகத் திரும்பினோம். இம்முறை வழக்கமான புத்தூர், நகரி சாலையை விட்டு, காளஹஸ்தி, நாயுடுபேட்டை வழியாகச் சூளூர்ப்பேட்டைக்குச் சென்றோம். 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 4 அன்று ஆந்திராவில் புதிய மாவட்டங்கள் உருவானபோது, பழைய சித்தூர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியோடு நெல்லூர் மாவட்டத்தின் கூடூர், நாயுடுபேட்டை, சூளூர்ப்பேட்டைப் பகுதிகளையும் சேர்த்துத் திருப்பதி மாவட்டம் அமைத்தார்கள். ஏரியை மட்டுமே அறிந்திருந்த எங்கள் சீமைக்கு ஒரே நாளில் கடற்கரை கிடைத்துவிட்டது. பழவேற்காட்டு ஏரியின் வடபகுதியும் இந்த மாவட்டத்துக்கு உரியதாயிற்று.

சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை ஏரியின் ஊடாகவே செல்கிறது. இருபுறமும் கண்ணுக்கெட்டிய தூரம் ஆழமற்ற உவர்நீர். இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்தபடியாக மிகப் பெரிய உவர்நீர் ஏரி இதுவே. குளிர்காலத்தில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். நாங்கள் சென்ற நாளில் பறவைகள் அதிகமில்லை. கோல் ஊன்றிப் படகைத் தள்ளிச் சென்ற மீனவர்களையும், முகத்தில் அறைந்த காற்றையும் மட்டுமே கண்டோம். என் மகள் அந்தக் காற்றில் கையை நீட்டி, "பாய் கட்டினால் எப்படிப் போகும்!" என்றாள்.

எங்கள் பிச்சாட்டூர் அணையில் தேங்கும் ஆரணியாறு தமிழ்நாட்டுக்குள் ஓடி, கடைசியில் இந்தப் பழவேற்காட்டருகேதான் கடலை அடைகிறது. எங்கள் ஊர்த் தண்ணீர் கடலுக்குப் போகும் வழியை நான் இந்த வயதில்தான் அறிந்துகொண்டேன்.

பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டு ஊருக்கும் சென்றோம். அங்கே என் பயம் மறுபடி தலைதூக்கியது. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாளில், இங்கே உல்லாசப் படகு ஒன்று கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்த செய்தியை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய படகு. ஒருவரும் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. பண்டிகை ஆடையோடு புறப்பட்ட குடும்பம் அப்படியே முடிந்துபோயிற்று.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் என் கணவர் பேச்சுக் கொடுத்தார். "படகு என்றால் கவிழத்தான் செய்யும், ஐயா. கவிழ்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் ஏறுவதுதான் தப்பு" என்றார் அவர். அந்த வார்த்தை சென்னை வரை என்னோடு வந்தது.

துறைமுகத்துக்குள் ஒரு சிறு குடும்பம்

அடுத்து வந்த சனிக்கிழமை, தோழியின் பெற்றோருடன் துறைமுகத்துக்குச் சென்றோம். இந்தியாவின் பழமையான பாய்மரப் படகுச் சங்கங்களில் ஒன்றான ராயல் மெட்ராஸ் யாட் கிளப் சென்னைத் துறைமுகத்துக்குள்ளேதான் இருக்கிறது. மதராஸ் துறைமுகத்தின் தலைவராக இருந்து அதைப் பெரிதாகக் கட்டி எழுப்பிய சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அதைத் தொடங்கினார். தொடங்கிய ஆண்டு 1911. எங்கள் சித்தூர் மாவட்டம் பிறந்த அதே ஆண்டு! அன்று அது ஆங்கிலேயரின் பொழுதுபோக்காக இருந்தது. இன்று தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் சேர்ந்து உழைப்பதால், சிறுவர் சிறுமியர் பயிற்சி பெறும் இடமாக அந்தத் துறை விளங்குகிறது.

பெரிய கப்பல்களும் பாரந்தூக்கிகளும் நிற்கும் அந்த இடத்தில், கரையோரமாகக் குளிக்கும் தொட்டிகளைப் போன்ற சின்னஞ்சிறு படகுகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. அவற்றுக்கு 'ஆப்டிமிஸ்ட்' என்று பெயர். 1947-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், கிளார்க் மில்ஸ் என்ற படகுக் கட்டுநர், எளிய குடும்பத்துப் பிள்ளைகளும் வாங்கக்கூடிய விலையில் ஒட்டுப்பலகையால் செய்து கொடுத்த படகு அது. நீளம் ஏறத்தாழ 2.3 மீட்டர், எடை 35 கிலோ. ஒரே பாய், ஒரு சுக்கான், நடுவிலுள்ள பிளவு வழியாக நீருக்குள் இறக்கும் ஒரு பலகை. அந்தப் பலகைதான் படகு பக்கவாட்டில் வழுக்கிப் போகாமல் தடுக்கிறது. 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு உரிய இந்தப் படகில் ஒரே ஒரு பிள்ளை மட்டுமே போட்டியிடும். தாயோ தகப்பனோ கூட ஏற இடமில்லை.

ஆனால் அந்தத் தனிப் பிள்ளையை நீரில் இறக்க ஒரு கூட்டமே வேலை செய்வதைக் கண்டேன். பெரிய பிள்ளைகள் சிறியவர்களுக்குப் பாய் கட்டிக் கொடுத்தார்கள். இருவர் இருவராகத் தள்ளுவண்டியைப் பிடித்துப் படகுகளை இறக்கினார்கள். தன் படகை இறக்கியதும் ஒருவரும் போய்விடவில்லை. அடுத்த படகுக்குக் கை கொடுத்தார்கள். ஒவ்வொரு பிள்ளையின் லைஃப் ஜாக்கெட்டின் வாரையும் ஒரு பெரியவர் இழுத்துப் பார்த்தே அனுப்பினார். பெற்றோர் குடிநீரும் துண்டும் வைத்துக்கொண்டு நின்றார்கள். எல்லாம் முடிந்து திரும்பியதும் படகுகளை நன்னீரில் கழுவி, பாயைச் சுருட்டி வைத்த பிறகுதான் சாப்பாடு. நம் சபைகளில் விருந்து நாளில் பந்தி பரிமாறுபவர்களைப் போலவே, சொல்லாமலே ஒவ்வொருவரும் தம் வேலையை அறிந்திருந்தார்கள்.

கவிழ்ந்த படகு

காற்றை எதிர்த்துப் படகு நேராகப் போக முடியாது. காற்றுக்கு ஏறத்தாழ 45 பாகை சாய்வாக ஒரு பக்கம் ஓடி, திரும்பி, மறுபக்கம் ஓடி, இப்படி வளைந்து வளைந்துதான் முன்னேற வேண்டும். பந்தயத்தில் மிதவைகளைச் சுற்றி வர வேண்டும். புறப்படுவதற்கு 5 நிமிடத்துக்கு முன் முதல் கொடி ஏறும்; 4 நிமிடத்தில் இன்னொன்று; ஒரு நிமிடம் இருக்கும்போது அது இறங்கும். அதுவரை பிள்ளைகள் கோட்டுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டிருப்பார்கள். முதலில் வருபவருக்கு 1 புள்ளி, இரண்டாமவருக்கு 2. எல்லாப் பந்தயங்களையும் கூட்டிப் பார்க்கையில் குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றி பெறுகிறார். பல பந்தயங்கள் நடந்தால் மிக மோசமான ஒரு பந்தயத்தைக் கணக்கிலிருந்து நீக்கிவிடும் வழக்கமும் உண்டு. அந்த விதியைக் கேட்டபோது எனக்கு ஆறுதலாக இருந்தது.

பிற்பகலில் கடற்காற்று வலுத்தது. எனக்கு நேர் எதிரே, என் மகளின் வயதே இருக்கும் ஒரு சிறுவனின் படகு சட்டென்று சாய்ந்தது. பாய் நீரில் படிந்தது. பிள்ளையைக் காணவில்லை. நான் வாய்விட்டு அலறிவிட்டேன். அருகில் நின்ற அவன் தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் தாம் அசையவில்லை. பயிற்சியாளரின் பாதுகாப்புப் படகு வேகமாக வந்து, சற்றுத் தள்ளியே நின்றது. ஒருவரும் நீரில் குதிக்கவில்லை.

சிறுவனின் தலை தெரிந்தது. படகைச் சுற்றி நீந்தி வந்தான். அடியில் துருத்திக்கொண்டிருந்த அந்த நடுப்பலகையைப் பற்றி, அதன்மேல் ஏறி, முழு உடலையும் பின்னால் சாய்த்தான். பாய் மெல்ல நீரை விட்டெழுந்தது; படகு நிமிர்ந்தது. உள்ளே ஏறி, கட்டியிருந்த வாளியால் நீரை இறைத்துவிட்டு, பயிற்சியாளரை நோக்கிக் கையை உயர்த்திக் காட்டினான். பாதுகாப்புப் படகு விலகிச் சென்றது.

"முதல் நாளே இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள், அக்கா. ஓட்டுவது பிறகுதான்" என்றார் அந்தத் தாயார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. என் சின்ன மாமாவின் நினைவு அது. அவரைச் சுற்றிலும் அன்று அன்பு நிறைந்த வீடு இருந்தது. ஆனால் அவருக்கு நீரைப் பற்றி ஒருவரும் கற்பித்திருக்கவில்லை; தள்ளி நின்று காவல் காக்கும் படகும் இல்லை.

கலிலேயாக் கடலில் புயலில் சிக்கிய படகைப் பற்றி எத்தனையோ செய்திகளை நாம் கேட்டிருக்கிறோம். அந்தப் படகில் இருந்தவர்களுள் சிலர் கடலையே தொழிலாகக் கொண்டவர்கள். அவர்களே அஞ்சினார்கள் என்றால் காற்று எத்தகையதாய் இருந்திருக்கும் என்று அன்றுதான் முதன்முதலாக எண்ணிப் பார்த்தேன்.

நடுவர் காணாத இடத்தில்

இன்னொரு காட்சியும் என் மனதைத் தொட்டது. காற்றை இடப்பக்கம் பெறும் படகு, வலப்பக்கம் பெறும் படகுக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. ஒரு சிறுமி வழிவிடத் தவறி, இன்னொரு படகை விலகச் செய்துவிட்டாள். ஒருவரும் ஊதல் ஊதவில்லை. ஆனால் அவள் கூட்டத்தை விட்டு விலகி, தன் படகை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு, கடைசியில் இருந்த இடத்திலிருந்து மறுபடி ஓட்டத் தொடங்கினாள். தன் குற்றத்துக்குத் தானே ஏற்றுக்கொள்ளும் தண்டனை அது. பரந்த நீரில் ஒவ்வொரு படகின் பின்னாலும் நடுவர் போக முடியாது. ஆகவே இந்த விளையாட்டு பெரும்பாலும் பிள்ளைகளின் மனச்சாட்சியை நம்பியே நடக்கிறது. கருத்து வேறுபாடு இருந்தால் உரக்கச் சொல்லிவிட்டு, கரைக்கு வந்தபின் விசாரணைக் குழுவின் முன் பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள்.

இந்த விளையாட்டின் விதிப் புத்தகத்தில் முதல் விதி வெற்றியைப் பற்றியதன்று. ஆபத்தில் இருப்பவருக்கு ஒவ்வொரு படகும் இயன்ற உதவி அனைத்தையும் செய்ய வேண்டும் என்பதே அது. 1988-ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கின் பாய்மரப் பந்தயங்கள் பூசான் கடலில் நடந்தன. செப்டம்பர் 24 அன்று பலத்த காற்றில், கனடா நாட்டின் லாரன்ஸ் லெமியு தம் பந்தயத்தில் இரண்டாவதாகச் சென்றுகொண்டிருந்தார். வேறொரு பந்தயத்தைச் சேர்ந்த சிங்கப்பூர் வீரர் இருவர், கவிழ்ந்த படகோடு தத்தளிப்பதைக் கண்டதும் தம் பாதையை விட்டு விலகிச் சென்று இருவரையும் காப்பாற்றினார். பதக்கம் அவருக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பந்தயத்தில் நடுவர் குழு அவருக்கு இரண்டாம் இடத்தையே அளித்தது. ஒலிம்பிக் குழு சிறப்புப் பதக்கம் வழங்கிக் கௌரவித்தது. அந்த ஆண்டு அந்தப் பிரிவில் தங்கம் வென்றவரின் பெயரைவிட லெமியுவின் பெயரே இன்று அதிகம் பேசப்படுகிறது.

கடலில்லாத ஊர்களின் பிள்ளைகள்

இது பணக்காரர் விளையாட்டு, நமக்கு எட்டாது என்று சிலர் நினைக்கலாம். செலவு உண்டு என்பது உண்மைதான். ஆயினும் தொடக்க நிலையில் படகுகளைச் சங்கமே வைத்திருக்கிறது. பிள்ளைகள் மாறி மாறி ஓட்டுகிறார்கள். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், 12 வயதில் இங்கே நடந்த கோடைப் பயிற்சி முகாமில்தான் பாய்மரப் படகைத் தொட்டார். பாய்மரப் போட்டியில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 35-ஆம் இடம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 21-ஆம் இடம்.

விஷ்ணு சரவணனின் ஊர் வேலூர். சித்தூரிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம், அங்கும் கடலில்லை. ராணுவத்தில் பணியாற்றிய, தாமும் பாய்மரப் படகு வீரரான தந்தையிடம் கற்றவர். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றார். அதே போட்டியில் வெள்ளி வென்ற நேஹா தாக்கூர், மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ் மாவட்டத்தில் ஒரு விவசாயியின் மகள். அவர் பயின்றது போபால் நகரத்து ஏரியில். ஐதராபாத்தில் உசேன் சாகர் ஏரியிலும் வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைகள் பயிற்சி பெற்றுவருகிறார்கள். ஆகவே கடல் இல்லாதது ஒரு தடையன்று. நம் கடற்கரை மக்களின் கட்டுமரம் என்ற சொல்லே உலக மொழிகளில் ஏறி, இன்று பந்தயப் படகு ஒன்றுக்குப் பெயராக வழங்குகிறது. நம் மொழி அறிந்த நீரை நம் பிள்ளைகள் அறியாதிருப்பதுதான் வருத்தம்.

என்றாவது திருப்பதி மாவட்டத்திலும் இப்படி ஒரு பயிற்சி இடம் அமைந்தால் நன்றாயிருக்கும். ஆனால் பழவேற்காட்டு ஏரி பறவைகளுக்கும் மீனவருக்கும் உரிய வீடு. அவர்களைக் கலைக்காமல், அவர்களிடமே காற்றைக் கேட்டுப் பழகித்தான் எதையும் தொடங்க வேண்டும்.

எங்களுக்கு ஒரு கேள்வி மீதியிருந்தது. பந்தயங்கள் பலவும் வார இறுதியிலேயே வருகின்றன. ஞாயிறு ஆராதனையை விட எங்களுக்கு மனமில்லை. மகளையும் உட்காரவைத்து மூவரும் பேசினோம். சனிக்கிழமைப் பயிற்சிக்கு மட்டும் போவது, ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளைப் பற்றி இப்போதைக்கு ஆசைப்படாதிருப்பது என்று அவளே சொன்னாள். நாளை அவள் நன்றாக ஓட்டப் பழகினால் இந்தக் கேள்வி இன்னும் கடினமாகத் திரும்பி வரும் என்பதை அறிவோம்.

தகப்பன்மாரே, தாய்மாரே, உங்கள் பிள்ளை படகு ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும், முதலில் நீந்தக் கற்றுக்கொடுங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் பிள்ளைகளை ஏரி, கிணறு, ஆற்றுப்பக்கம் பெரியவர் துணையின்றி விடாதீர்கள். எந்தப் படகில் ஏறினாலும் லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கி அணியுங்கள், தராவிட்டால் இறங்கிவிடுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

அவ்வாவிடம் தொலைபேசியில் சொன்னபோது நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, "கவிழ்ந்தால் எழும்பக் கற்றுக்கொடுக்கிறார்களா?" என்று கேட்டார்கள். "அதைத்தான் முதலில் கற்றுக்கொடுக்கிறார்கள், அவ்வா" என்றேன். "அப்படியானால் போகட்டும். நீ கரையை விட்டு நகராதே" என்றார்கள்.

இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் துண்டோடும் தண்ணீரோடும் துறைமுகக் கரையில் நிற்கிறேன். மூன்றாம் வாரத்தில் என் மகளின் படகும் கவிழ்ந்தது. நான் அலறவில்லை. எனக்குப் பக்கத்தில் புதிதாக வந்து நின்ற ஒரு தாயாரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.